கூப்பிட்டால் மட்டும்

என் கையை ஒடித்து அடுப்பில் வைக்க வேண்டும். வேறென்ன சொல்ல!

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசில் வேலை குறைவு. நான் ப்ரோக்ராம் எழுதும் எடிட்டர் திறக்க ஒன்பது விநாடி பிடித்தது. அதில் நாற்பத்து மூன்று ப்ளக்-இன்கள், கூடுதல் வேலைக்கென்று ஒட்டவைத்த குட்டி ப்ரோக்ராம்கள். திறந்ததும் அத்தனையும் பஸ்ஸில் ஏறுகிற கூட்டமாக முண்டியடிக்கும். கூப்பிட்டால் மட்டும் வா என்று ஒவ்வொன்றையும் மாற்றினேன். எழுத்துப்பிழை பார்ப்பது, நான் கேட்டால் வரும். தானாகச் சேமிப்பது, சேமிக்கும் கட்டளை கொடுத்தால் வரும். கண்மூடித் திறப்பதற்குள் எடிட்டர் திறந்தது.

"பாத்தியா, எப்படி!" என்று பக்கத்து சீட்டுக்காரனிடம் பீற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான், எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா தவறிப்போனபோது எனக்கு இரண்டு வயது. அவளைப் பற்றி வாயே திறக்காத மனிதர், சனிக்கிழமை காலை தானாக வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்கம்மாவைப் பத்தி சொல்றேன், எழுதிக்கடா. அப்புறம் கேட்டா நான் வாய்க்கு எங்க போவேன்?"

போனில் பதிவு செய்யட்டுமா என்றேன்.

"அதை அந்தப் பக்கம் வை. போலீஸ்ல வாக்குமூலம் குடுக்கற மாதிரி இருக்கு."

இரண்டு நாள் சொன்னார். அம்மா எதற்குச் சிரிப்பாள், எதற்கு முறைப்பாள், முதல் சண்டை எதனால் வந்தது, எல்லாம். எடிட்டரில் 'அம்மா' என்று ஒரு காலிக் கோப்பை உண்டாக்கி, சொல்லச் சொல்ல அதில் அடித்தேன். ஞாயிறு சாயங்காலம் லேப்டாப்பை மூடி வைத்தேன்.

செவ்வாய் காலை சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. சார்ஜரைச் சொருகிப் போட்டேன். எடிட்டர் பட்டென்று திறந்தது. 'அம்மா' கோப்பில் ஒரு எழுத்துகூட இல்லை.

ஐயோ! தேடாத இடமில்லை. அப்புறம்தான் உறைத்தது. ஆறு வருடமாக நான் சேமிக்கும் கட்டளை கொடுத்ததே இல்லை, ப்ளக்-இன் பார்த்துக்கொள்ளும் என்று. அதுவோ நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்திருக்கிறது. வேகத்துக்காக, எடிட்டர் தானே எடுத்துவைக்கும் நகலையும் வேண்டாமென்று நிறுத்தியிருந்தேன். மடையன்! படித்த மடையன்!

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக இருந்த அக்காவுக்குப் போன் போட்டேன்.

"விளையாடாதடா," என்றாள். பிறகு, "அடப்பாவி! கண்ணு முழிச்சதுலேர்ந்து உன் லேப்டாப்பைத்தான்டா கேட்டுட்டிருக்காரு, சைகையில. நான் என்னன்னு சொல்லுவேன்?"

போனேன். அப்பா கழுத்தில் குழாய். லேப்டாப்பைக் காட்டிவிட்டுக் காதைத் தொட்டார். படித்துக் காட்டு என்கிறார். கட்டிலோரம் உட்கார்ந்து திறந்து, ஞாபகத்தில் இருந்ததை வைத்துப் படிப்பதுபோல் ஆரம்பித்தேன்.

"முதல்ல அவளைப் பாத்தது டயர் கடை வாசல்ல. நல்ல மழை. பச்சைக் குடை பிடிச்சிருந்தா..."

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திறந்தார். இல்லை என்று தலையாட்டினார்.

"குடை பச்சை இல்லையாப்பா?"

மறுபடி தலையாட்டினார். உதடுகள் வேகமாக எதையோ சொல்லின. அக்கா குனிந்து உதட்டையே பார்த்தாள். அவளுக்கும் பிடிபடவில்லை.

அப்பா எட்டி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் திரையில் எழுத்தே இல்லை என்பது தெரிந்தது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.