தலைகீழாகப் படித்த எண்

கோபால்சாமியின் ரிவால்வர் திருட்டுச் சாமான் என்று மலை முழுக்கப் பேச்சாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். கர்னல் ஒருவரிடம் முறைப்படி வாங்கி, தன் பெயரில் லைசென்ஸும் எடுத்த துப்பாக்கி அது. 1978-ல் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது, புத்தகத்தில் உள்ள எண் வேறு, துப்பாக்கியில் அடித்திருக்கும் எண் வேறு என்று சொல்லி அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து மனிதர் சந்தைக்குக்கூட இறங்கவில்லை.

விசாரணைக்குக் கடிதம் வந்ததும், "நான் வர்ல" என்று படுத்துக்கொண்டார். மனைவி ராணியம்மாள் விடவில்லை.

"தப்பு பண்ணாதவங்க எதுக்குங்க வூட்டுக்குள்ள பதுங்கணும்? எழுந்திருங்க!"

சட்டையைக் கையில் கொடுத்து, பஸ் ஏற்றிக் கீழே அழைத்துப் போனாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் எண் வாசிப்பாள். வருஷா வருஷம் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடும் கணவருக்கு லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள துப்பாக்கி எண்ணைப் படித்துச் சொன்னது அவள்தான்.

ஆபீசில் அதிகாரி உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்ற குமாஸ்தா சிங்காரம் ரிவால்வரைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். கைப்பிடியின் அடியில் எண் பொறித்திருந்தது.

"ஆறு, பூஜ்யம், எட்டு, ஒன்பது, ஆறு, ஒண்ணு. பாருங்க சார். புத்தகத்துல 'வி' போட்டு ஒண்ணு, ஒன்பதுன்னு ஆரம்பிக்குது. சம்பந்தமே இல்ல."

கோபால்சாமி தலையைக் குனிந்துகொண்டார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்ற ராணியம்மாளோ எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார் சொல்றீங்க? எனக்கு சரியாத்தானே தெரியுது! ஒண்ணு, ஒன்பது, ஆறு, எட்டு, பூஜ்யம், ஒன்பது!"

"உனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார் சிங்காரம்.

"இந்தாண்ட வந்து நின்னு பாருங்க சார்."

அதிகாரி எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். பார்த்தார். பழையபடி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அவர் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"ஆறைத் திருப்பினா ஒன்பது. ஒண்ணும் எட்டும் பூஜ்யமும் எப்படித் திருப்பினாலும் அதேதான். ஆனா எது நேர்னு எப்படிச் சொல்றது?"

இப்போது கோபால்சாமிக்குப் பட்டாளத்துக் குரல் திரும்பி வந்தது. "சார், அதே எண் உருளையோட பின்பக்கத்துலயும் இருக்கும். திறந்து பாருங்க."

குண்டு போடும் உருளையை வெளியே தள்ளிப் பார்த்தால் கரி அப்பியிருந்தது. துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார்கள். புத்தகத்தில் உள்ளபடியே 'வி' என்ற ஆங்கில எழுத்து முன்னால் நிற்க, 196809 பளிச்சென்று தெரிந்தது. கைப்பிடியின் வளையத்தருகே அழுக்கைச் சுரண்டியதும் ராணியம்மாள் நின்ற பக்கத்துக்கு நேராக, ஒண்ணுக்கு முன்னால் அங்கேயும் ஒரு 'வி' வெளிப்பட்டது.

சிங்காரமே முதலில் சிரித்தார். "அஞ்சு மாசமா தலைகீழாவே படிச்சிருக்கேன். மன்னிச்சுக்கோம்மா!"

கோபால்சாமி அதிகாரிக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார். பிறகு திரும்பி, மனைவிக்கும் அப்படியே ஒன்று அடித்தார். ராணியம்மாள் வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் ஊர் நடுவில் கரித்துண்டால் பாறைமேல் அந்த எண்ணைப் பெரிதாக எழுதிவிட்டு, சனங்களை இரண்டு பக்கமும் நிறுத்தினாள். திருட்டுச் சாமான் என்று முதலில் பேச்சுக் கிளப்பிய தீர்த்தகிரிதான் இரண்டு பக்கமும் அதிக தடவை ஓடிப்போய்ப் பார்த்தவன். "அக்கா, ரெண்டும் சரியாத்தான் இருக்குது!" என்று அவன் கத்த, கோபால்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.