மூன்றேகால் மணிக்குத் திறக்கும் அஞ்சல்

"வீட்ல இருந்து என் மெயிலைத் தெறக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது. இன்னும் என்னென்ன செய்யக் கூடாதுன்னு வரிசையா சொல்லுங்க, எழுதி வச்சுக்கிறேன்."

"வெளையாடாத செலினா. எனக்கு எங்கயாச்சும் ஒளிய வேண்டி வந்தாலும், அந்த வெங்காயத்தப் போட்டுத்தான் மெயில் பாப்பேன். வத்தலக்குண்டுல உக்காந்திருப்பேன், ஜெர்மனில இருந்து தெறந்ததா காட்டும். மறுநா ஸ்வீடன்னு காட்டும். ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது."

"பொண்டாட்டியாலயும் முடியாதா?"

"பொண்டாட்டிக்கு மட்டும் தெரியும், இது நம்ம ஆளுன்னு."

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜேசன் சொன்னது இது. அடுத்த வாரம் வில்பட்டிக்குப் போகிற சாலையோரம் அவனுடைய பைக் மட்டும் கிடைத்தது. அதற்குக் கீழே பள்ளம், பள்ளம் நிறைய மூடுபனி. நான்கு நாள் தேடினார்கள். கால் வழுக்கி விழுந்திருப்பார் என்று எழுதிக்கொண்டு போலீஸ்காரர்கள் போய்விட்டார்கள்.

ஜேசன், மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவன். சோலைக்காட்டை வெட்டி விடுதி கட்டுகிறவர்களைப் பற்றி இணையத்தில் வேறு பெயரில் எழுதி வந்தான். எழுதுவது யார் என்று விசாரித்து ஆட்கள் வரத் தொடங்கியதும், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு முகமூடி வலையைப் போட்டுக்கொண்டான். கடிதத்தை ஓர் உறைக்குள் வைத்து, அதை இன்னோர் உறைக்குள்ளும், அதையும் மூன்றாவது உறைக்குள்ளும் வைத்து மூன்று பேர் கைமாற்றிவிடுவது போல என்று செலினாவுக்கு விளக்கினான். முதல் ஆளுக்கு அனுப்பியவரைத் தெரியும், போகிற இடம் தெரியாது. கடைசி ஆளுக்குப் போகிற இடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. அதற்கு அடையாளம் திரையின் மூலையில் ஒரு சின்ன வெங்காயப் படம். அது பச்சையாக மாறினால் வலை தயார்.

ஜேசன் காணாமல் போய் ஓராண்டு ஆனதும், பங்குச்சாமியார் அவன் நினைவுக்கு ஒரு பூசை வைக்கலாமா என்று கேட்டபோது, "உயிரோட இருக்கறவருக்கு எதுக்கு சாமி?" என்று சொல்லிவிட்டு செலினா கோயிலை விட்டு எழுந்து வந்துவிட்டாள். மாமியார் கித்தேரியம்மாள் பின்னாலேயே வந்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செலினாவிடம் ஆதாரம் இருந்தது. தினமும் பள்ளி விடுதி அலுவலகத்தில் வேலை முடிந்ததும், ஏழுரோட்டில் சுரேந்திரன் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவாள். ஜேசனின் மெயில் பெட்டியைத் திறந்தால், அடியில் சிறிய எழுத்தில், கடைசியாக எப்போது, எந்த இணைய எண்ணிலிருந்து திறக்கப்பட்டது என்று இருக்கும். எண்ணைப் போட்டுப் பார்த்து சுரேந்திரன் நாட்டைச் சொல்வான். ஜெர்மனி. ஸ்வீடன். மறுபடி ஜெர்மனி. ஒரு நாள் ருமேனியா. நேரம் மட்டும் மாறாது. மதியம் மூன்றேகால்.

மஸ்கட்டிலிருந்து ஜேசனின் அக்கா, மனசு கேட்காமல், இன்னும் அந்தப் பெட்டிக்கே படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தாள். அக்காவின் சின்ன மகள் முதல்முறை நன்மை வாங்கிய புதுநன்மைப் படத்தை யாரோ திறந்து பார்த்திருந்தார்கள். செலினா அனுப்பிய கடிதங்களையும்தான். 'நீங்க படிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு வரி போடக் கூடாதா?' அந்தக் கடிதமும் திறந்திருந்தது. பதில் மட்டும் வரவில்லை. பின்மதியம் மூன்றேகால் ஆனால் அலுவலகத்தில் அவள் பேனா தானாக நிற்கும். யாரோ பின்னால் வந்து நின்று தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். பயமாகவும் இருக்கும், போய்விடக் கூடாதே என்றும் இருக்கும்.

மாமியாரிடம் இதைச் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்பது ஜேசன் கேட்டுக்கொண்டது.

இரண்டாயிரத்து ஒன்பது அக்டோபர் கடைசியில் அடித்த மழையில் சவுக்கு மரம் சாய்ந்து, அவர்கள் வீடு இருந்த நாயுடுபுரத்துப் பக்கம் மின்கம்பி அறுந்தது. மூன்று நாள் வீட்டில் மெழுகுவர்த்திதான். அந்த மூன்று நாளும் ஜேசனின் பெட்டியை யாரும் திறக்கவில்லை. செலினாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் மாலை சென்டருக்கு ஓட்டமாக வந்து பார்த்தாள். மதியம் மூன்றேகால், ஹாலந்து.

"வந்துட்டாரு," என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

சுரேந்திரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பையன், ஜேசனிடம் கம்ப்யூட்டர் படித்தவன். "அக்கா, ஒங்க லைன்ல கரண்ட் எப்ப வந்திச்சி?"

"மத்தியானம் ரெண்டு மணிக்குன்னு அத்தை போன்ல சொன்னாங்க. ஏன்?"

"போன மாசம் ஒரு கிழம, ஏழு நாளும், உங்க பக்கம் போன் லைன் செத்துக் கெடந்திச்சே. அந்தக் கிழமையும் தெறக்கல, நீங்களும் இதே மாதிரி தவிச்சீங்க. நான் அப்பவே பாத்தேன், சொல்லத் தோணல."

செலினா எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப இங்கதான் இருக்காரு. எங்க பக்கத்துலயே."

"அக்கா..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நிதானமா பாருங்க," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டாள். பேக்கரியில் ஜேசனுக்குப் பிடித்த தேங்காய் பன் நான்கு வாங்கினாள். வாங்கும்போதே பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. நாயுடுபுரம் ஏற்றத்தில் பூட்டிக் கிடந்த ஒவ்வொரு பங்களாவையும் நின்று பார்த்தாள். ஒரு மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. உள்ளே பூனை. இன்னொரு வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது, கேட்டைத் தள்ளினால் காவல்காரர் திருமலைச்சாமி சுள்ளி எரித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா வேணும்?" என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பினாள். மூடுபனி ரோட்டில் இறங்கி முன்னால் நடப்பவர்களின் கால்களை மறைத்தது. ஒவ்வொரு முதுகும் ஜேசனின் முதுகாக இருந்தது.

வீட்டை அடையும்போது மணி மூன்றேகாலைத் தாண்டியிருந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளறையில், ஜேசன் போனதிலிருந்து துணி போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரில் வெளிச்சம். துணி நான்காக மடித்துக் கட்டில் மேல் இருந்தது. திரையில் ஜேசனின் பெட்டி. மூலையில் பச்சை வெங்காயம்.

நாற்காலியில் கித்தேரியம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயிலில் உட்காருவது போல.

பன் பொட்டலம் செலினாவின் கையிலிருந்து நழுவியது. கிழவி திரும்பினாள்.

"ஐயோ, வெள்ளனே வந்துட்டியா? திட்டாத தாயி. எதையும் கலைக்கல."

"தெனமும் நீங்களா அத்தை?"

"பேத்திக படம் பாக்கறதுக்கு அவன்தான் சொல்லிக் குடுத்தான். இது பச்சையாகுற வரைக்கும் கைய வைக்காத, வேவு பாக்கறவன் வருவான்னு சொல்லுவான். அதே மாதிரிதான் செய்யிறேன். நீ சோலிக்குப் போனப்புறம், சமையல முடிச்சிட்டு..." அவள் திரையின் உச்சியைத் தொட்டுக் காட்டினாள். "அவன் பேரு வருதுல்ல, இங்கன. அதப் பாத்துட்டு மூடிருவேன்."

செலினா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஜெர்மனி, ஸ்வீடன், ருமேனியா எல்லாம் இந்தப் பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தன. "என் லெட்டரெல்லாம்?"

"படிச்சேன்." கித்தேரியம்மாளின் குரல் இறங்கியது. "தப்புத்தான். செத்தவங்ககிட்ட நாம பேசுறதில்லயா, அந்த மாதிரி நீயும் எழுதி மனச ஆத்திக்கிறியோன்னு நெனச்சேன். நீங்க படிக்கிறீங்கன்னு எழுதியிருந்தியே, நானுந்தான் அப்படி அவன்கிட்டப் பேசுவேன், கொசுவலைக்குள்ள படுத்துக்கிட்டு."

"நான் அவரு உயிரோட இருக்காருன்னு நெனச்சு எழுதினேன் அத்தை. தெனமும் பெட்டி தெறந்திருக்குதேன்னு... அதனால."

கிழவிக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முக்காடு தோளில் விழ எழுந்து வந்தாள். செலினா தரையில் உட்கார்ந்து அழுதாள், இரண்டரை வருஷமாக அழாத அழுகை. கித்தேரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடிக்கு இழுத்தாள். வெளியே பனி ஜன்னலை முழுக்க மூடிவிட்டது.

வெகு நேரம் கழித்து, மருமகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டே, கித்தேரியம்மாள் வாயைத் திறந்தாள்.

"திங்கக்கெழம கல்லறைத் திருநாளு. எம் மகன் பேருக்கு ஒரு பூசை வைக்கணும் தாயி. வச்சுக்கிறட்டுமா?"