அனுப்புக்குப் பக்கத்தில் அழி

மலேசியாவின் கோலசிலாங்கூரில் மாமனார் சீனி முகம்மதுவின் சாப்பாட்டுக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் தொடுதிரையைச் செய்து கொடுத்தவன் இஸ்கந்தர். அழகென்றால் அப்படியோர் அழகு. சாப்பாட்டுப் பெயர்கள் எல்லாம் கீழே. ‘அனுப்பு’, ‘அழி’ என்ற இரண்டு பொத்தான்கள் மட்டும் மேல் மூலையில், இரண்டு உளுந்து மாதிரிச் சின்னதாக ஒட்டிக்கொண்டு நின்றன.

கல்லாவில் இருந்த அவன் மனைவி அஜீஸாவுக்கு மத்தியானக் கூட்டத்தில் விரல் தவறும். ஆர்டர் அடுப்படிக்குப் போகாமல் காற்றோடு போகும்.

“இன்னிக்கும் ஒரு ஆர்டர் தொலைஞ்சா நீ அடுப்படிக்குப் போயிரு. கல்லாவுல ஒந்தம்பி இக்பால் உக்காரட்டும்,” என்று காலையிலேயே சொல்லிவிட்டார் சீனி முகம்மது.

கல்லா அவள் ராஜ்ஜியம். வந்து போகிறவர்களின் பிள்ளைகள் பெயர்கூட அவளுக்குத் தெரியும். முகம் சுண்டிப்போனது.

“அவளுக்கு எப்பவுமே அவசரம் மாமா,” என்று இஸ்கந்தர் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினான்.

“அப்ப நீங்களே உக்காருங்க மச்சான். நான் லொஹர் தொழுதுட்டு வர்றேன்,” என்று எழுந்து போனாள் அஜீஸா.

உட்கார்ந்தான். ஈஜோக்கிலிருந்து வந்த லோரிக்காரர் நல்லசாமி மீ கோரெங் நூடுல்ஸ் கேட்டார். கீழே தொட்ட விரல் மேல் மூலைக்கு ஏறுவதற்குள் வேறொருவர் பாக்கிச் சில்லறைக்குக் கை நீட்டினார். விரல் எங்கேயோ இறங்கியது. இஸ்கந்தர் கவனிக்கவில்லை.

“என்னா தம்பி, மீ கோரெங் புடிக்க பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்துல படகு எடுத்துட்டாங்களா?” என்று நல்லசாமி கேட்டபோதுதான் தெரிந்தது. கடையே சிரித்தது. அவசர அவசரமாக மறுபடி போட்டான். மறுபடியும் ‘அழி’!

தூரத்தில் இருக்கும் சின்னதைத் தொட நேரமாகும், குறியும் தப்பும். கிட்டத்தில் இருக்கும் பெரியதைப் பேசிக்கொண்டே தொடலாம். இந்த விதியை எழுதித்தான் கணினிப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். என்ன, பரீட்சை மண்டபத்தில் யாரும் பசியோடு முன்னால் நிற்கவில்லை.

மடிக்கணினியைத் திறந்தான். ‘அனுப்பு’வை ரொட்டிக் கல் மாதிரி அகலமாக்கி, சாப்பாட்டுப் பெயர்களுக்கு அடியிலேயே கொண்டுவந்து வைத்தான். ‘அழி’ மேல் மூலையிலேயே தனியாகக் கிடக்கட்டும். அழிக்கிற விரல் கொஞ்சம் நடந்தால் குறைந்துபோகாது.

அஜீஸா திரும்பி வந்தாள். பின்னாலேயே மாமனாரும் வந்தார்.

“நல்லசாமி ஆர்டர தொலைச்சது யாரு?”

“நான்தான் மாமா, ரெண்டு தடவ. அவ விரல்ல ஒண்ணுமில்ல. நான் பொத்தான வச்ச லட்சணம் அப்படி. இப்ப மாத்திட்டேன்.”

சீனி முகம்மது மகளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “அவ கல்லாவுலயே இருக்கட்டும். ஆனா சொன்னது சொன்னதுதான் லா. நீ அடுப்படிக்குப் போ.”

அன்று மத்தியானம் முழுக்க இஸ்கந்தர் வெங்காயம் உரித்தான். அடுப்படியில் ஆர்டர் அச்சடிக்கும் இயந்திரம் சீட்டுக்கு மேல் சீட்டாகத் தள்ளியது, ஒன்றுகூடத் தொலையவில்லை. கூட்டம் ஓய்ந்தபின் தேநீர் கேட்டு ஒன்று வந்தது: ‘தே தாரிக் ஒன்று. வெங்காயம் உரிக்கும் மச்சானுக்கு.’

கண்ணைத் துடைத்துக்கொண்டான். கையில் வெங்காயம் இருந்ததால் யாரும் ஏனென்று கேட்கவில்லை.