மாலை போட்டவன் விளையாட மாட்டான்

வலது கையால் புளிக்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கட்டைவிரலால் ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தாள் ஷெர்லி. அப்போதுதான் விளையாட்டுக்குள்ளிருந்து கண்ணனின் செய்தி வந்தது. முத்தையாபுரத்தில் கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் கிடங்கின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. லாரிக்காரர்களோடு தொண்டை கிழியக் கத்திய களைப்பெல்லாம் அந்தப் பெயரைப் பார்த்ததுமே பாதி இறங்கிவிடும். 'யக்கா, மாவட்ட ஃபைனலுக்கு நம்ம டீம பதிஞ்சாச்சு. இந்த லிங்க்ல போயி லாகின் பண்ணுங்க. சீக்கிரம், இப்ப மூடிருவான்.'

நாற்பதை எட்டிப் பிடிக்கப்போகிற, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்ப் பாடல் குழுவில் நிற்கிற ஒரு பெண்பிள்ளை, துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஒரு அணிக்கே கேப்டன் என்றால் நாசரேத்தில் அவளைப் பெற்றவர்கள் நம்பமாட்டார்கள். 'ஏலே ஸ்குவாட்' என்று அணிக்குப் பெயர் வைத்ததே அவள்தான். ஏரலில் ஸ்டெபின், குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் சுடலைக்கண்ணன். மூன்று வருடப் பழக்கம். கண்ணனை நேரில் பார்த்ததில்லை, அவன் முகப்படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கடல்தான் இருக்கும். குரல் மட்டும் அத்துப்படி. அவள் 'குனிலே!' என்றால் ஏன் எதற்கு என்று கேட்காமல் குனிகிற ஒரே ஆள் அவன். ஒருமுறை கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடச் சொல்லி மகனைப் பார்த்து அவள் அப்படிக் கத்த, அது மைக்கில் கேட்டு விளையாட்டுக்குள் கண்ணன் குனிந்துவிட்டான். எதிரியே இல்லாத வெட்டவெளியில் குனிந்திருந்தவனை நினைத்து அன்றைக்கெல்லாம் சிரித்தாள்.

லிங்க்கைத் தொட்டாள். விளையாட்டின் அதே முகப்பு, அதே நிறம். ஃபோன் நம்பரைப் போட்டாள். ஓடிபி வந்தது. அதை அடிக்கத் தொடங்கிய விரல் பாதியில் நின்றது.

கண்ணன் மாலை போட்டிருக்கிறானே.

தசரா விரதத்துக்கு முத்தாரம்மன் மாலை போட்ட அன்று அவன் சொன்னது அப்படியே காதில் கேட்டது. "கறி மீனெல்லாம் எல்லாரும்தான் விடுவாங்க. நான் இந்த கேமையும் விடுதேன்க்கா. அம்மா கண்ணு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சதுக்கு வேண்டுதல். ஃபோன அணைச்சுப் பொட்டிக்குள்ள வச்சிருதேன். சூரசம்ஹாரம் முடியட்டும், வாரேன்." ஈஸ்டருக்கு முந்தைய லெந்து விரத நாட்களில் இதே விளையாட்டை விடுகிறேன் என்று சொல்லி மூன்றாம் நாளே திரும்ப வந்தவள் அவள். அன்றைக்கு அவளைக் கேலி செய்தே கொன்றவனும் அவன்தான்.

முதலில் கோபம்தான் வந்தது. பயல் விரதத்தை முறித்துவிட்டானா? பெற்ற தாயின் கண்ணுக்கு வேண்டிக்கொண்டதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையா? கோபம் ஆற ஆற வேறொன்று உறைத்தது. குழம்பு காய்ந்த கையோடு ஒற்றை விரலால் எழுதினாள். 'லாகின் கெடக்கட்டும் கண்ணா. மொதல்ல ஒரு ரவுண்டு வெளையாடுவோமா?'

'ஓ, தாராளமா! லாகின் பண்ணிட்டு வாங்க, போடுவோம்.'

மாலை போட்டவன் விளையாடமாட்டான். அவள் அறிந்த கண்ணன் சத்தியமாக விளையாடமாட்டான். எவனோ அவன் கணக்குக்குள் புகுந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடித்ததை அழித்தாள், பக்கத்தை மூடினாள், விளையாட்டின் உள்ளே போய்க் கடவுச்சொல்லை மாற்றினாள். அடுத்த நொடி விளையாட்டுக்குள்ளேயே ஸ்டெபினைக் கூப்பிட்டாள்.

"ஏலே, கண்ணன் லிங்க் அனுப்புனானா?"

"ஆமாக்கா. ஓடிபி கேக்குது, அடிச்சிக்கிட்டு இருக்கேன்."

"கைய எடுலே! அது கண்ணன் இல்ல!"

பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. ஷெர்லி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திருடனுக்கு ஒரு செய்தி போட்டாள். 'கொஞ்சம் இரு தம்பி, எழுத்து பொடிசா இருக்கு, கண்ணாடிய காணும்.' டப்பாவைக் கழுவி, தண்ணீர் குடித்து, இரண்டு லாரிகளுக்குச் சீட்டுப் போட்டு அனுப்பும்வரை அவன் 'அக்கா, அக்கா' என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். கண்ணாடி அவளுக்குக் கிடையவே கிடையாது. அந்த மதியம் அவளுக்கு இருந்த தெம்பைச் சொல்லி மாளாது.

சாயங்காலம் அந்தத் தெம்பில் மண் விழுந்தது. நடந்த கள்ளத்தனத்தைக் கேம் கம்பெனிக்கு எழுதியிருந்தாள். கணக்குக்குரியவரே இரண்டு நாளுக்குள் கேட்டால்தான் மீட்டுத் தரமுடியும், இல்லையேல் நிரந்தரமாக முடக்கப்படும் என்று பதில் வந்தது. கண்ணனின் ஃபோனோ பொட்டிக்குள் அணைந்து கிடக்கிறது, வீட்டு நம்பர் எதுவும் அவளிடமோ ஸ்டெபினிடமோ இல்லை. விளையாட்டுக்குள்ளேயே பேசிப் பழகியவர்களுக்கு நம்பர் எதற்கு? இதில் கணவன் செல்வதுரை வேறு.

"நான்தான் அன்னைக்கே சொன்னேம்லா, மூஞ்சி தெரியாத பயல நம்பாதன்னு. எவனும் அவன் கணக்குக்குள்ள நுழையலளா. கண்ணன்னு ஒருத்தனே கெடையாது. மூணு வருசமா பழகி, இன்னைக்குத் தூண்டில போட்டிருக்கான்."

அப்படியும் இருக்குமோ? அம்மாவின் கண், கட்டுப் பிரித்த அன்று அவன் அழுதது, இவள் இந்தப் பக்கம் சேர்ந்து அழுதது, எல்லாமே தூண்டில் புழுதானா? கணக்கு போனால் போகட்டும். அந்தப் பயல் பொய்யாகிவிட்டால் அவளால் தாங்கமுடியாது.

"அவன் இருக்கான்," என்றாள். "நாளைக்கு லீவு சொல்லுங்க. குலசைக்குப் போறோம்."

"இல்லாத ஆள எங்கன போயி தேடுவ?"

"நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க."

குலசையில் வண்டியை நிறுத்தவே ஊருக்கு வெளியே இடம் தேடவேண்டியிருந்தது. மேளமும் வெயிலும் மண்டையைப் பிளந்தன. ராஜாக்கள், குறத்திகள், கரடிகள், போலீஸ்காரர்கள், தகரக் கைகளை விரித்த காளிகள் என்று மாலை போட்டவர்களால் தெருவே வேஷம் கட்டி நின்றது. என்ன வேஷம் என்று கண்ணன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எந்த முகத்தைத் தேடுவது? கடைக்காரரிடம் கேட்டால், "எந்தக் கண்ணன் தாயீ?" என்று அவர் திருப்பிக் கேட்டார். கூட்டத்தில் நின்று "கண்ணா!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு கரடியும் இரண்டு போலீஸ்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மூவரிடமும் பேசினாள். ஒன்றுகூட அந்தக் குரல் இல்லை.

"போதும்ளா," என்றான் செல்வதுரை. இப்போது அவன் குரலில் கேலி இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கடற்கரைப் பக்கமிருந்து தசரா செட்டு என்கிற வேஷக் கூட்டம் ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. முன்னால் மேளம், பின்னால் வரிசையாகக் காளிகள். ஷெர்லி ஒரு கடைப்படியில் ஏறி நின்றாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். லாரிக்காரர்களையும் எதிரிப் படைகளையும் அடக்கிய அந்தக் கேப்டன் குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"பின்னால ஆளு! குனிலே!"

மேளக்காரர் கைகூட ஒரு கணம் தடுமாறியது. தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது. வரிசையில் மூன்றாவதாக வந்த காளி மட்டும் திரும்பவில்லை. சூலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் நடுத்தெருவில் குத்தவைத்துக் குனிந்தது.

அம்மன் இறங்கிவிட்டாள் என்று சுற்றியிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ ஓடிவந்து காலில் தண்ணீர் ஊற்றினார்கள். செல்வதுரையின் கைகள் அவனையறியாமல் குவிந்தன. ஷெர்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கீழே, குலவைக்கு நடுவில், வாயில் கட்டிய சிவப்பு நாக்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மைதீட்டிய பெரிய கண்களால் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தது காளி. முதுகில் எட்டுத் தகரக் கைகளும் வெயிலில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

"யக்கா?"