இருபத்தோரு இஞ்ச் இருட்டு

பஸ் காளப்பநாயக்கன்பட்டியில் நின்ற பிறகும் அப்பாசாமியால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. மடியில் மானிட்டர் இருந்தது. மலை இறங்குகிற ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது ஒரு பக்கம் சாய, இவர் மறுபக்கம் சாய்ந்து கொடுத்து, இரண்டு தொடைகளும் மரத்துப் போயிருந்தன. பழைய கம்பளியில் சுற்றி, வாழை நாரால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கண்ணாடிப் பக்கத்தைத் தன் வயிற்றோடு அணைத்து வைத்திருந்தார். இறங்க வழி விட்டுக்கொண்டே கண்டக்டர் சொன்னார்.

"ஏனுங்க, மாசமா இருக்கற பொம்பளையக் கூட்டியாற மாதிரியில்ல கொண்டாறீங்க. அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டிருக்கோணும்."

"போட்டுக்குங்க. அதும் நம்ம ஊட்டு ஆளுதான்."

பஸ்ஸுக்குள் நாலு பேர் சிரித்தார்கள். அப்பாசாமி சிரிக்கவில்லை. துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்து, மானிட்டரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு, டிவி ரிப்பேர் செய்கிற அப்துல் நாசர் கடைப் பக்கம் நடந்தார்.

சுமை அவருக்குப் புதிதல்ல. பன்னிரண்டு வயதில் தூக்கத் தொடங்கியவர். மிளகு மூட்டை, வாழைத்தார், குச்சிக்கிழங்கு, செத்துப்போனவர்களின் பாடைகூடத் தூக்கியிருக்கிறார். எந்தச் சுமையும் கொஞ்ச தூரம் போனால் உடம்போடு சமாதானம் ஆகிவிடும். மூட்டையென்றால் முதுகுக்கு ஏற்றபடி நெளிந்து கொடுக்கும். இந்தச் சனியன் நெளியாது. பார்வைக்குப் பின்பக்கம்தான் மாட்டு வயிறு போலப் பிதுங்கியிருக்கும். கனமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில். அது தெரியாமல் முதல் நாள் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒற்றையடிப் பாதையில் தூக்கிப் போனபோது, ஓடைச் சரிவில் அது முன்னால் இழுத்து, அவரைக் குப்புறத் தள்ளப் பார்த்தது. முழங்கால் சிராய்ந்தும் அவர் அதை விடவில்லை.

அனுப்பியவன் அவர் மகன் ரமேஷ்குமார். பெங்களூரில் விளம்பரப் படம் போடுகிற கம்பெனியில் வேலை. தை மாதத்தில் பார்சல் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகு, செம்மேட்டு பூத்திலிருந்து அவனுக்குப் போன் போட்டுப் பேசினார். "பெரிய மானிட்டர்ப்பா, இருபத்தோரு இஞ்ச். நான் வரும்போது கம்ப்யூட்டர் பொட்டி கொண்டாரேன், நானே மாட்டித் தாரேன்" என்றான். அதாவது, வருவேன் என்றான். அப்பாசாமி அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு வந்தார். மனைவி கண்ணாயி செத்து ஐந்து வருசமாகிறது. பையன் கடைசியாக வந்தது மூன்று வருசத்துக்கு முன்னால்.

கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டில் அந்தச் சிற்றூரில் அப்போது யார் வீட்டிலும் கலர் டிவி கிடையாது. அப்பாசாமி வீட்டுக்குப் பெரிய டிவி வந்திருக்கிறது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. இது கம்ப்யூட்டரின் ஒரு பகுதி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவரிடமும் சொல்லவில்லை. முதல் வாரம் ஊர்க்கிழவி அத்தாயி தன் மருமகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அணைந்து கிடந்த கண்ணாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி எழுந்து போனாள். பக்கத்து வீட்டு அர்த்தனாரிதான் வாய் சும்மா இருக்காதவன்.

"என்ன மாமா, உங்க டிவியில என்னிக்குமே அமாவாசைதானா?"

"பையன் வந்து தொறப்பான்டா. உனக்கென்ன அவசரம்?"

"எனக்கொண்ணும் இல்ல. அதுக்குள்ள கோழி அடை வெச்சிரப் போவுதுன்னு பாத்தேன்."

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அரசாங்கம் இலவச டிவி கொடுக்கப் பெயர் எழுத வந்தபோதுதான் அப்பாசாமி தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார். ஊர் மொத்தமும் வேப்பமரத்தடியில் நின்றது. இவர் முறை வந்ததும் பெயர் எழுத வந்தவர், "உங்க வீட்ல டிவி இருக்குதுங்களா?" என்று கேட்டார். அர்த்தனாரி பின்னாலிருந்து தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலுக்குத்தான் அப்பாசாமி பதில் சொன்னார்.

"எனக்கெதுக்குங்க? நீங்க குடுக்கறது ரெண்டை உள்ள தூக்கி வெக்கற மாதிரி எம்பையன் அனுப்பியிருக்கான்."

வந்தவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிறகு ஒருநாள் லாரியில் டிவிகள் வந்தன. அதன்பின் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு நீல வெளிச்சம் ஆடியது. ஒரே பாட்டு ஏழெட்டு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டது. முன்பெல்லாம் சாப்பிட்டு முடித்து இவர் வீட்டு வாசலுக்கு வந்து வெற்றிலை போடுகிற ஆட்கள் வருவதை விட்டுவிட்டார்கள். பேச்சுத் துணைக்கு அர்த்தனாரியின் கிண்டல்கூட இல்லை. அவனும் கதவைச் சாத்திக்கொண்டு சீரியல் பார்த்தான். இன்னொருவர் வீட்டில் போய் உட்கார்ந்து பார்க்கலாம்தான். பெரிய டிவிக்காரர் எப்படிப் போவார்? இருட்டில், அணைந்து கிடக்கிற மானிட்டரோடு அப்பாசாமி உட்கார்ந்திருந்தார். துணி போட்டு மூடி வைத்தார். மூடினால் பிணம் மாதிரி இருக்கிறதென்று துணியை எடுத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் மானிட்டரை டிவியாக்குகிற பெட்டி ஒன்று நாசர் பாய் கடையில் இருக்கிறது என்று பஸ் டிரைவர்தான் சொன்னார். ஆடிப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஊரே போகும். வெளியூர் போன பிள்ளைகளெல்லாம் வருவார்கள். பையன் வந்துவிட்டால் கம்ப்யூட்டர் பெட்டியும் வரும். வராவிட்டால் என்ன செய்வது என்பதை நினைக்காமல் இருப்பதற்காகவே அவர் மானிட்டரைக் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

நாசர் கடையில் ரேடியோவும் மிக்சியும் குடல் சரிந்து கிடந்தன. கம்பளியைப் பிரித்ததும் அவர் உதட்டைக் குவித்து விசிலடித்தார்.

"அண்ணா, இது எங்கீங்க கெடச்சுது? இது சாதாரண சாமான் இல்லீங்க. புதுசுல இத வாங்கற காசுக்கு எங்கடையில இருக்கற அத்தனை டிவியும் அள்ளிட்டுப் போயிரலாம்."

அப்பாசாமிக்கு முதுகு நிமிர்ந்தது. "அப்ப படம் நல்லாத் தெரியுமுங்களா பாய்?"

"போட்டே பாத்தரலாம்."

நாசர் மேஜையைத் துடைத்து வரிசையாக வைத்தார். ரிப்பேருக்கு வந்திருந்த இலவச டிவி ஒன்று, பதினாலு இஞ்ச். அதற்குப் பக்கத்தில் விற்பனைக்கு வைத்திருந்த பெரிய கலர் டிவி. கடைசியில் அப்பாசாமியின் மானிட்டர், அந்தச் சின்னப் பெட்டியோடு சேர்த்து. மூன்றிலும் ஒரே செய்தியை வைத்தார். செய்தி வாசிக்கிற பெண் மூன்று பேராகப் பேசினாள்.

அப்பாசாமி தள்ளி நின்று பார்த்தார். இலவச டிவியில் அந்தப் பெண் பளிச்சென்று இருந்தாள். சேலை மயில்கழுத்து நிறம். பெரிய டிவியில் கொஞ்சம் சிவந்திருந்தாள். மானிட்டரில் அவளைக் கழுவிக் காயப்போட்ட மாதிரி இருந்தது. வெளிச்சம் மட்டு. முகமெல்லாம் ராகி மாவு தூவியதுபோலப் புள்ளி. உதடு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவர் சுவிட்சைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், நாசரைப் பார்த்தார்.

"ரிப்பேருங்களா?"

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க. டிவிக்காரன் அனுப்பற படமே அவ்வளவுதான். எட்ட உக்காந்து பத்துப் பேரு பாக்கறதுக்கு அனுப்பறான். சின்ன டிவி அதுல இருக்கற அழுக்க மறைச்சிரும். இதுக்கு மறைக்கத் தெரியாதுங்க. இது ஒத்த ஆளு கிட்ட உக்காந்து வேலை செய்யறதுக்குன்னு செஞ்சது."

நாசர் தன்னுடைய கம்ப்யூட்டர் வயரை உருவி அதில் சொருகினார். வாசலூர்பட்டி படகுத்துறையில் எடுத்த அவர் குடும்பப் படம். வயரை உருவும் முன் கடையின் பழைய சின்ன மானிட்டரில் அதைக் காட்டியிருந்தார். ஆறு பேர் கரையில் நிற்கிறார்கள், பின்னால் பச்சையாக ஏதோ. இப்போது பெரியதில் அதே படம் வந்ததும் அப்பாசாமி ஒரு அடி முன்னால் போனார். பின்னாலிருந்த பச்சை மரமாக இருந்தது. மரத்தில் மிளகுக் கொடி. கொடியில் சரம். தண்ணீரில் நின்ற படகின் கயிற்றுப் பிரிகூடத் தெரிந்தது. மலையில் பிறந்து வளர்ந்தவர், மலையை இப்படி அசையாமல் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா" என்றார் நாசர், தன் சொந்தச் சரக்கைப் போல. பிறகு, சோதித்துப் பார்ப்பதற்காகப் படத்தை எடுத்துவிட்டு வெறும் வெள்ளையை வைத்தார். வைத்தவர் குனிந்து பார்த்து, "அடடா" என்றார்.

வெள்ளை முழுசும் வெள்ளையாக இல்லை. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், பழுப்பாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. மேலே நீளமாக ஒரு கோடு. நடுவில் ஒரு பெரிய சதுரத்தின் விளிம்பு.

"என்னுங்க பாய் அது?"

"பதிஞ்சு போச்சுங்க. ஒரே படம் ஒரே எடத்துல வருசக்கணக்கா நின்னா உள்பூச்சு தேஞ்சு இப்படி ஆயிரும். ஆராச்சும் பொழுதன்னிக்கும் இதுக்கு முன்னாலயே உக்காந்திருந்திருக்கோணும்."

அப்பாசாமி தன் வலது தோளைத் தடவினார். தன்னை அறியாமல் செய்ததுதான். அங்கே, எலும்புக்கு மேல், ஆட்டுக்கொம்பின் அடி மாதிரி ஒரு காய்ப்பு உண்டு. மலையில் ஒருவன் சட்டையைக் கழற்றினால் போதும், எந்தத் தோளில் தூக்கினான், எத்தனை காலம் தூக்கினான் என்று சொல்லிவிடலாம். பையனுக்கு அப்படி ஒன்று வரக்கூடாது என்றுதான் படிக்க வைத்தார்.

"ஒரு போன் போட்டுக் குடுங்க பாய்."

எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். நாசர் செல்போனில் போட்டுக் கொடுத்தார். மணி அடித்து அடித்து ஓய்கிற நேரத்தில் பையன் எடுத்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான், ஆபீஸில் இருக்கிறான்.

"யாருங்க?"

"நாந்தான் சாமி. நாசர் பாய் கடையில இருந்து பேசறேன். உன்ற மானிட்டரத் தூக்கியாந்தேன்."

"அதையா? தூக்கிட்டா வந்தீங்க? அது முப்பது கிலோப்பா!"

"அதென்ன கனம்."

"ஏம்ப்பா இப்படி அலையறீங்க? ஆபீஸ்ல எல்லாத்துக்கும் தட்டையா புதுசு வந்துருச்சு. பழசத் தூக்கிப் போடறேன்னாங்க, ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டோம். ரூம்ல வெக்க எடமில்லைன்னுதான் அங்க அனுப்புனேன். இடைஞ்சலா இருந்தா பாய்கிட்டயே குடுத்துருங்க."

அப்பாசாமி போனை மறு காதுக்கு மாற்றினார். நாசர் இலவச டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"பொட்டி கொண்டாரேன்னியே கண்ணு."

"ஆமாப்பா. வரும்போது பாக்கலாம்."

"ஆடிப் பதினெட்டுக்கு?"

"இங்க ஒரு வேலை போயிட்டிருக்குதுப்பா. பாக்கறேன்."

பாக்கறேன் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். மழை வருமா என்று கேட்டால் மலையில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அதோடு போனை வைத்துவிட்டிருப்பார். ஆனால் எதிரில் வெள்ளை எரிந்துகொண்டிருந்தது.

"சாமி, இதுல வெள்ளையாப் போட்டா ஓரத்துல கட்டங் கட்டமா நிக்குது. அது ஆரு பாத்தது?"

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"நாந்தாம்ப்பா. அது எம் மானிட்டர். வேலைக்குச் சேந்ததுல இருந்து அதுலதான் உக்காந்திருந்தேன். எடுத்துக்கங்கன்னதும் அதையேதான் எடுத்தேன்."

"கண்ணு நோவாதா?"

"மொதல்ல நோவும். இப்ப கண்ணாடி போட்டிருக்கனே."

"எப்பப் போட்டே?"

"ஆச்சுப்பா, ரெண்டு மூணு வருசம்."

அப்பாசாமி கண்ணை மூடி மகனின் முகத்தை நினைத்தார். கடைசியாக வந்தபோது இருந்த முகம். மீசை சரியாக முளைக்காத, கன்னத்தில் அம்மை வடு உள்ள முகம். அதில் மூக்குக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நிற்கவில்லை, நழுவியது.

"கருப்புச் சட்டம் போட்டதா?"

"ஆமா. ஏம்ப்பா?"

"சும்மா கேட்டேன்."

யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, பையன் "வெச்சிரட்டுமாப்பா" என்று வைத்துவிட்டான். அப்பாசாமி போனை வேட்டியில் துடைத்து நாசரிடம் கொடுத்தார். நாசர் அதை மேஜையில் வைத்துவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. இத நீங்க மேல கொண்டு போயி ஒண்ணும் ஆகப்போறதில்ல. இத எங்கிட்ட விட்டுட்டு அந்தக் கலர் டிவியப் புதுசாவே எடுத்துட்டுப் போங்க. உங்க ஊர்ல இருக்கற எல்லாத்தையும் விட அது பெரிசுதான். பையன் அனுப்புனதுன்னே சொல்லிக்குங்க, ஆருக்குத் தெரியப் போவுது?"

அது நியாயமான பேச்சு. அர்த்தனாரி ஓடி வருவான். அத்தாயி பிள்ளைகளோடு வந்து உட்காருவாள். வாசலில் மறுபடி வெற்றிலைச் சாறு துப்புகிற சத்தம் கேட்கும். அப்பாசாமி கலர் டிவியைப் பார்த்தார். அதில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நாசர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "தொழுதுட்டு வந்தர்றேன். அதுக்குள்ள யோசிச்சு வெய்யுங்க. ஆனா கடைசி பஸ்ஸ விட்டறாதீங்க." டிவி இரண்டையும் அணைத்தார். மானிட்டர் பக்கம் கையைக் கொண்டு போனபோது அப்பாசாமி சொன்னார்.

"அது எரியட்டுமுங்க பாய்."

நாசர் போனதும் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தூரமாகப் பட்டது. இன்னும் இழுத்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் முழங்கால் மேஜையில் இடித்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேஜைமேல் இரண்டையும் கவிழ்த்து வைத்தார். வெள்ளை அவர் முகத்தில் அடித்தது. களத்து மேட்டில் உச்சி வெயிலை அண்ணாந்து பார்க்கிற மாதிரிதான், ஆனால் இதில் சூடு இல்லை. மெல்ல மெல்ல இடது ஓரத்துக் கட்டங்கள் வெளியே வந்தன. ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார். பாதியில் கண்ணெரிந்து தண்ணீர் விட்டது. எங்கே விட்டோம் என்று தவறிப்போய், மறுபடி மேலிருந்து தொடங்கினார்.

வெளியே கடைசி பஸ் வந்து நின்று, "கொல்லிமலை, கொல்லிமலை" என்று கண்டக்டர் பலகையைத் தட்டினார். அப்பாசாமி எரிகிற கண்ணை ஒரு கையால் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் பார்த்தார். அதுவும் கலங்கியதும் கையை மாற்றிப் பொத்திக்கொண்டார்.