மூட்டு காய்கிற வரை

...குடித்துவிட்டேன் என்று வெறும் டம்ளரைக் காட்டினால் போதும், மீசையில் கொஞ்சம் தடவிக்கொண்டால் இன்னும் நல்லது, ஆனால் வாஷ்பேசினில் ஊற்றிய புரோட்டீன் பால் இறங்க மாட்டேன் என்கிறதே, வெள்ளையாக நின்று அவன் மூஞ்சியையே பார்க்கிறது. ஊருக்கெல்லாம் அடைப்பு எடுக்கிற பிளம்பர் வீட்டில் அடைப்பு, தெரிந்தால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். எல்லாம் பயம், வேறென்ன... குடலில் ஒரு துண்டை வெட்டிவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிட்டோம் என்று டாக்டர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார், பைப்பில் மூட்டு போட்டுப் பசை காய்வதற்குள் எவனாவது தண்ணீர் விடுவானா, ஒரு வீட்டில் அவசரப்பட்டு மோட்டாரைப் போட்டு மேல்தளம் மொத்தமும் ஊறிப்போயிற்று, அது கட்டிடம், இது வயிறு, உள்ளே ஒழுகினால் யார் போய்த் துடைப்பது? நேற்று எடை பார்த்த டாக்டருக்கு முகமே சரியில்லை. "பவுடர் குடிச்சும் எப்படிங்க இறங்குது? அடுத்த வாரமும் இப்படின்னா மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் ஊத்தணும்." நான்தான் சரியாகக் கலக்கவில்லையோ என்று மனைவி அங்கேயே அழுதாளே, அப்போதாவது வாயைத் திறந்தானா, கல்நெஞ்சன்... "என்னங்க, உள்ள என்ன பண்றீங்க இவ்வளவு நேரம்?"

கதவைத் தள்ளியவள் பேசினைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், அவனுடைய ஸ்பேனரை எடுத்துவந்து, அடியில் வாளியை வைத்து, வளைவுக் குழாயைக் கழற்றினாள், எத்தனை வேலைக்கு அவனுக்கு டார்ச் பிடித்தவள், சொத்தென்று விழுந்தது, வெனிலா வாசனையோடு, தயிர்க் கட்டி மாதிரி, அவள் ஆற்றி ஆற்றிக் கொடுத்ததெல்லாம். "மூட்டு காயட்டும்னுதான்..." என்றான். "பைப்பா அது? உங்க கட்டைவிரல் வெட்டுப்பட்டப்போ எந்தப் பசைய வெச்சு ஒட்டினோம்? சாப்பிட்டீங்க, சதை வளந்துச்சு." கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான், தழும்பு இருந்தது, இத்தனை நாளும் கண்ணெதிரேதான் இருந்தது. அவள் புதிதாகக் கலக்கி நீட்டினாள், வாங்கினான், ஒரு வாய், ஒரே ஒரு வாய், விழுங்கிவிட்டு, பூசிய சுவருக்குள் ஒழுக்கைத் தேடுகிறவனாய் மூச்சைப் பிடித்துக் கேட்டான். உள்ளே ஏதோ குடுகுடுவென்று ஓடியது, ஒழுகுகிறதா... இல்லை, அதற்குப் பின்னால் அந்தப் பழைய வலி, மூட்டு விடுகிறது என்று அவன் நினைத்திருந்த, தினமும் வருகிற அதே இழுப்பு, ஆனால் இன்னொரு வாய் குடித்ததும் கொஞ்சம் அடங்குகிறதே... பசியா இது, இத்தனை நாளும் இதற்கா பயந்துகொண்டிருந்தோம்?