விழுகிற பக்கம்

ஒரு புத்தகத்தை மேசைமேல் முதுகு ஊன்றி நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால், அது ஏதோ ஒரு பக்கத்தில் விரிந்து விழும். குருட்டாம்போக்கில் விழுகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். நான் அச்சகத்தில் பைண்டிங் மெஷின் ஓட்டுகிறவள், அதனால் எனக்குத் தெரியும். மெஷினில் தாள்களின் முதுகைச் சீவி, உருகிய பசையைச் சூடாகத் தடவி, அட்டையை அழுத்துவோம். ஆறினதும் அந்தப் பசை ரப்பர் மாதிரி இறுகிவிடும். யாராவது ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால், அந்த இடத்தில் பசை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். அப்புறம் எப்போது நிறுத்தினாலும் புத்தகம் அங்கேதான் விழும்.

இதை ஒருநாள் எங்கள் வாசகர் கூட்டத்தில் விளக்கினேன். அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. பரிந்துரைக்கிறவர் புத்தகத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. புத்தகத்தை விழவிட வேண்டும், விழுந்த பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும், அதைக் கேட்டுவிட்டு யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் ‘பசை’ என்று பெயர் வந்ததும் அன்றுதான்.

கூட்டம் நடப்பது ஒரு பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில். விடுமுறை நாள் மதியம், நோயாளிகள் இருக்க மாட்டார்கள். டாக்டரம்மாவின் புத்தக அலமாரி அங்கேயே இருக்கிறது. வழக்கமாக வருகிறவர்கள் டாக்டரம்மா, பஸ் கண்டக்டர் அண்ணன், நான். பிறகு, நாங்கள் ‘பூனை’ என்று பெயர் வைத்தவள் வந்து சேர்ந்தாள்.

பூனை முதலில் பல்வலி என்று வந்தவள். வேர் சிகிச்சை பாதியில் இருக்கும்போது அலமாரியைப் பார்த்து, “இதை எடுத்துட்டுப் போலாமா?” என்று கேட்டிருக்கிறாள். அவள் படித்துத் திருப்பிய புத்தகம் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருக்கும். ஒரு மடிப்பு இருக்காது. புத்தகத்தை லேசாகப் பிளந்து, இடுக்கு வழியாகப் படிப்பாள்.

“படிச்சியா, இல்ல முகர்ந்து பாத்துட்டு வச்சிட்டியா?” என்பார் கண்டக்டர்.

“படிச்சேண்ணே.”

“பூனை பால் குடிக்கிற மாதிரியில்ல படிச்சிருக்கே. ஒரு சொட்டு சிந்தல.”

அவள் சிரிப்பாள். வாசலைப் பார்த்துக்கொண்டே சிரிப்பாள். வாசலில் அவள் வீட்டுக்காரர் பைக்கில் உட்கார்ந்திருப்பார். கூட்டம் முடியும்வரை நகர மாட்டார். உள்ளே வாருங்கள் என்று டாக்டரம்மா கூப்பிட்டால், “நமக்கும் புத்தகத்துக்கும் ரொம்ப தூரம் மேடம்” என்று கையெடுத்துக் கும்பிடுவார். இவ்வளவு பாசமா என்று முதலில் நாங்களே கேலி செய்தோம்.

பிறகு அவள் கொண்டுவரும் புத்தகங்களும் பக்கம் விரிந்து விழ ஆரம்பித்தன. ஒன்றில், வீட்டைவிட்டுப் போன மனைவியைக் கணவன் ஊர் ஊராகத் தேடும் பக்கம். இன்னொன்றில், ஒருத்தியை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைக் கிணற்றில் போடும் பக்கம். படிக்கும்போதே டாக்டரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. பூனை எங்களிடம் எதையோ சொல்கிறாள் என்று நாங்கள் மூவருமே நினைத்தோம்.

கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நான் கேட்டேன். “வீட்ல பிரச்சனையா?”

அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். “வெளிய வரணும்க்கா. ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். அந்த அதிகாரி இவரோட கூட்டாளி. அவரே ஜீப்ல ஏத்திட்டு வந்து வீட்ல விட்டுட்டுப் போனாரு. இன்னொரு தடவை போனா உயிரோட இருக்க மாட்டேன்னு இவர் சொல்லியிருக்காரு. சும்மா சொல்றவர் இல்ல.”

அவள் போனை அவர் பார்க்கிறார். பையைத் துழாவுகிறார். தடையில்லாமல் போய் வருவது புத்தகம் ஒன்றுதான். அதனால் நான் ஒரு யோசனை செய்தேன். அலமாரியில் ஒரு நாவல் இருந்தது. அதில் ஒருத்தி துணிக்கடைக்குள் நுழைந்து, பின்வாசல் வழியாகத் தப்பிப் படகுத்துறைக்கு ஓடுவாள். எனக்கு மிகவும் பிடித்த பக்கம். எங்கள் கடைத்தெருவிலும் அப்படி ஒரு துணிக்கடை இருக்கிறது; பின்வாசலை ஒட்டித்தான் கண்டக்டரின் பஸ் போகும். ஏறினால் என் பெரியம்மா ஊரில் இறங்கிக்கொள்ளலாம். அச்சகத்தில் வைத்து அந்தப் பக்கத்தை அழுத்தி விரித்துப் பசையை உடைத்தேன். பூனையிடம் கொடுக்கும்போது, “விழுற பக்கத்தைப் பாரு. அடுத்த கூட்டத்துக்கு மறுநாள் காலைல, அதே மாதிரி” என்று மட்டும் சொன்னேன். தலையசைத்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை. வீட்டுக்காரர்தான் படியேறி வந்தார், கையில் நாவல்.

“அவளுக்கு உடம்பு சரியில்ல மேடம். புத்தகத்தை மட்டும் கொடுத்துட்டு வரச் சொன்னா. ரொம்ப நல்லா இருந்துச்சாம்.”

கொடுத்துவிட்டு எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போனார். டாக்டரம்மா வழக்கம்போல் புத்தகத்தை மேசைமேல் நிறுத்திக் கையை எடுத்தாள். அது நான் உடைத்த பக்கத்தில் விழவில்லை. இரண்டு அத்தியாயம் தள்ளி விழுந்தது. நாவலில் அந்தப் பெண் படகில் ஏறி மூச்சுவிடும்போது, படகின் முன்முனையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஆள் மெதுவாகத் திரும்புகிறான். அவள் கணவன். அவளுக்கு முன்பே வந்து ஏறியிருக்கிறான். அந்தக் கதையில் அவள் கடைசியில் தப்பிவிடுவாள், அதனால் இந்த இடத்தை நான் மறந்தே போயிருந்தேன். பிடித்த பக்கத்தை வைத்தே புத்தகத்தை நினைவு வைத்துக்கொள்கிறவர்கள் செய்யும் தப்பு இது.

“பயந்துட்டா போல. வரலைன்னு சொல்றா” என்றார் கண்டக்டர்.

நான் புத்தகத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். இரண்டு கையாலும் பிடித்துப் படிக்கிறவர்களின் புத்தகத்தில் முதுகு முழுக்க மெல்லிய சுருக்கங்கள் இருக்கும். இதில் என் மடிப்பை விட்டால் ஒரே ஒரு வெள்ளைக் கோடு, மேலிருந்து கீழ்வரை கத்தியால் கீறினதுபோல். முன் அட்டையைப் பின்னுக்கு மடக்கி, பின் அட்டையோடு ஒட்டவைத்து, ஒற்றைக் கையில் பிடித்தால்தான் அப்படி உடையும். இடுக்கு வழியாகப் படிக்கிறவள் இதைச் செய்ய மாட்டாள். அவள் முன்பு கொண்டுவந்த இரண்டையும் அலமாரியிலிருந்து எடுத்தேன். இரண்டிலும் அதே கோடு.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மருந்துக்கடை வாசலில் அவர் பைக்கில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஒரு கை ஹேண்டில்பாரில். இன்னொரு கையில் பத்திரிகை, பின்னுக்கு மடக்கி.

மூன்று புத்தகங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன்.

“டாக்டரம்மா, இதெல்லாம் அவ படிச்ச பக்கம் இல்ல. அவர் படிச்சது.”

அவள் கூப்பிடுகிறாள் என்று நாங்கள் படித்ததெல்லாம் அவருடைய ஆசைகள். துணிக்கடைப் பக்கத்தையும் அவர் பார்த்திருக்கிறார். நாளைக் காலை பின்வாசலில் எங்கள் பஸ் நிற்பதற்கு முன்பே அவர் அதில் உட்கார்ந்திருப்பார்.

“நாளைக்குன்னு விட முடியாது” என்றாள் டாக்டரம்மா. “இன்னைக்கே.”

அவள் யோசித்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று தோன்றியபோது போன் செய்தாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. “சார், உங்க வீட்டம்மா பல்லுக்குள்ள மருந்து வச்சு மேல தற்காலிகமாத்தான் அடைச்சிருக்கேன். இத்தனை நாள் விடக் கூடாது. உடம்பு சரியில்லைன்னு சொன்னீங்களே, சீழ் பிடிச்சிருந்தா தாடைக்குள்ள இறங்கிடும். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணணும். அங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நான் இப்ப இங்கதான் இருக்கேன், கூட்டிட்டு வாங்க.”

ஆயிரம் கேள்வி என்ற வார்த்தைக்காகத்தான் அவர் வந்தார் என்று நினைக்கிறேன்.

பூனையின் கன்னம் வீங்கித்தான் இருந்தது. ஆனால் மருந்து வைத்த பல் இருந்த பக்கம் இல்லை.

“நானும் உள்ள வர்றேன்” என்றார்.

“முதல்ல எக்ஸ்ரே எடுக்கணும். சிகப்பு லைட் எரியும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது. இங்கயே உட்காருங்க, உங்க கண்ணுக்கு முன்னாலதானே கதவு.”

டாக்டரம்மா அவளை எக்ஸ்ரே அறைக்குள் அழைத்துப்போய், கனமான ஈய அங்கியை மாட்டுவதுபோல் குனிந்து காதில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்து கதவை மூடினாள். சிகப்பு விளக்கைப் போட்டாள். அந்த விளக்குக்கும் மெஷினுக்கும் சம்பந்தமில்லை, தனி சுவிட்ச். இது அவருக்குத் தெரியாது. அந்த அறையின் பின்னால் இன்னொரு கதவு உண்டு. அது கம்ப்ரஸர் அறைக்குப் போகும். அங்கிருந்து பின்சந்துக்குப் படி இறங்கும். சந்தில் கண்டக்டர் தன் மச்சானின் காரோடு நின்றார்.

சிக்கல் அந்தக் கம்ப்ரஸரில்தான் இருந்தது. பல் துளைக்கும் கருவி காற்றில் சுழல்வது. காற்றைத் தொட்டியில் அடைத்துவைப்பது கம்ப்ரஸர். தொட்டி நிறைந்ததும் அது தானாக நின்றுவிடும், காற்று குறைந்தால் தானாக ஓடும். அது நின்றிருக்கும்போது பின்கதவைத் திறந்தால் கீல் முனகுவது காத்திருப்பு அறைவரை கேட்கும். அதனால் டாக்டரம்மா, அவர் கண் படும் இடத்தில் நின்று, கருவியை வெறும் காற்றில் ஓட்டினாள். சிகிச்சைக்கு முன்னால் உள்ளே நிற்கும் பழைய தண்ணீர் போக அப்படி ஓட்டுவது வழக்கம்தான். கீச்சென்று கருவி கத்தியது. தொட்டியில் காற்று குறைந்தது. சுவருக்குப் பின்னால் கம்ப்ரஸர் உறும ஆரம்பித்தது.

அவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். கண் எக்ஸ்ரே கதவில்.

திடீரென்று உறுமல் பெரிதானது. பின்கதவு திறந்துவிட்டது. சத்தத்தை மறைக்கிற சத்தமே இப்போது அறைக்குள் வந்துகொண்டிருந்தது. இதை நாங்கள் யோசிக்கவில்லை.

அவர் தலையைத் தூக்கினார். “அது என்ன?”

“கம்ப்ரஸர் சார். தொட்டி காலியாக ஆக அப்படித்தான் சத்தம் ஏறும்.” அப்படியெல்லாம் ஏறாது. ஒரு மெஷின் ஓடும் விதத்தைப் பற்றி நான் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் என்னைப் பார்த்தார். உறுமல் மறுபடி அடங்கியது. கதவு மூடியிருக்க வேண்டும்.

“நீங்கதானே அந்த அச்சகத்துல இருக்கறவங்க?” என்றார். “எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் புத்தகம் சொல்றீங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்களேன்.”

என் பையில் முந்தின நாள் மெஷினிலிருந்து எடுத்த மாதிரிப் பிரதி ஒன்று இருந்தது. யாரும் படிக்காதது, நானும் படிக்காதது. நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைத் திறந்து, அட்டையைப் பின்னுக்கு மடக்கினார். புதுப் பசை பட்டென்று உடைந்தது. ஒரு வரி படித்தாரோ என்னவோ. பிறகு மூடி, மேசைமேல் முதுகு ஊன்றி நிறுத்தி, இரண்டு கையையும் எடுத்தார்.

எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியும். அப்படியென்றால் படகுப் பக்கத்தை எங்கள் பார்வைக்கென்றே அவர் உடைத்து அனுப்பியிருக்கிறார்.

முன் அட்டை மட்டும் சாய்ந்தது.

“இது எதுவும் சொல்ல மாட்டேங்குதே” என்றார் சிரித்துக்கொண்டு.

கம்ப்ரஸர் நின்றது. டாக்டரம்மா கருவியைக் கீழே வைத்துவிட்டாள். இனி ஓட்டினால் அவருக்குச் சந்தேகம் வரும். அந்த அமைதியில், பின்சந்தில் ஒரு கார் கிளம்பும் சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது. எழுந்து போய், சிகப்பு விளக்கு எரிய எரியக் கதவைத் திறந்தார். நாற்காலிமேல் ஈய அங்கி கிடந்தது.

கத்துவார், அடிப்பார் என்று நான் கதவோரம் ஒடுங்கினேன். அவர் எதுவும் செய்யவில்லை. திரும்பி வந்து மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டார். “படிச்சிட்டுத் தர்றேன்” என்றார் என்னிடம். பைக் போகும் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

பூனை பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். “பொண்ணு நல்லா சாப்பிடுறா, சத்தமாவே சிரிக்கிறாடி” என்று பெரியம்மா போனில் சொன்னாள். படிக்க ஏதாவது அனுப்பச் சொன்னாளாம். அந்தப் படகு நாவலையே கேட்டாளாம், கடைசிப் பக்கங்களை அவர் படிக்க விடவில்லையாம்.

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தேன். வாசற்படியில் அந்த மாதிரிப் பிரதி கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அல்ல, என் வீட்டு வாசலில். என் வீடு எங்கே என்று நான் அவரிடம் சொன்னதில்லை. முதுகைப் பார்த்தேன். அன்று உடைத்த அதே ஒரு கோடு. அதற்குப் பிறகு அவர் திறக்கவே இல்லை. படிப்பதற்காக எடுத்துப் போன புத்தகம் இல்லை அது. என் வீட்டைக் கண்டுபிடித்தவருக்கு என் பெரியம்மா வீட்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அங்கேயே நின்று பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். “அவளை இப்பவே கூட்டிட்டுக் கிளம்பு பெரியம்மா. நம்ம சொந்தக்காரங்க வீடு எதுவும் வேண்டாம். எங்க போறீங்கன்னு என்கிட்டகூடச் சொல்லாத.” மத்தியானம் டாக்டரம்மாவின் கல்லூரித் தோழி ஒருத்தி காரில் வந்து பூனையை எங்கேயோ அழைத்துப் போனாள். எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

இன்று படகு நாவலை அச்சகத்துக்கு எடுத்து வந்தேன். அட்டையைப் பிரித்தேன், பழைய பசையை முழுக்கச் சீவினேன், மெஷினில் வைத்துப் புதுப்பசை தடவினேன். என் மடிப்பும் போயிற்று, அவர் கோடும் போயிற்று. ஆறும்வரை காத்திருந்து, மேசைமேல் நிறுத்திக் கையை எடுத்தேன். எந்தப் பக்கத்திலும் விரியாமல், மூடியபடியே பக்கவாட்டில் சாய்ந்தது. முகவரி எழுதாமல் தாளில் சுற்றி, பூனைக்குச் சேர்த்துவிடச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். வெளியே ஒரு பைக் வந்து நின்றது. இருவரும் ஜன்னலுக்குப் போகாமல் அப்படியே நின்றோம்.